சாம்பிளிடம் ஊர் கேட்கக் கூடாது

நான் வேலை பார்த்த கரிச் சுரங்க லேபுக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறதாம். இந்தப் பக்கம் கரித்தூளைப் போட்டால் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எரித்தால் சூடு எவ்வளவு என்று அந்தப் பக்கம் திரையில் ஓடிவிடுமாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். "சார், நீங்கல்லாம் இதைக் கையாலயே பண்ணுவீங்களாமே, அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று லேப் பிள்ளைகள் கேட்டார்கள். சிக்கிமுக்கிக் கல்லை எந்தக் கையால் உரசினீர்கள் என்று கேட்கிற தோரணை. எனக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. விருப்ப ஓய்வு வாங்கியவன். யாருடைய விருப்பம் என்பதில் மட்டும் வீட்டில் இரண்டு கருத்து உண்டு.

என் சர்வீஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரியை எடை போட்டேன், எரித்தேன், மிஞ்சிய சாம்பலை எடை போட்டேன். மறுநாளும் அதையே செய்தேன். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை எனக்குக் கரியைவிடச் சாம்பல் அதிக எடை வந்தது. எரித்தால் கனக்கும் பொருளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கிண்ணத்தின் மூடியையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் கிண்ணங்களைக் கழுவும் வேலை மட்டும் கொடுத்தார்கள். அதில் நான் தவறே செய்யவில்லை.

எங்களை மனிதர்களாக்கியது திலகவதி மேடம். தலைமை வேதியியலராக வந்தவர். பருத்திப் புடவை, சின்னக் குரல். அந்தக் குரலை அவர் உயர்த்தியதே இல்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "இது நல்ல கரி மாதிரி தெரியுது மேடம்" என்று யாராவது சொன்னால் பேனாவை மூடி வைத்துவிடுவார். "தெரியுறதையெல்லாம் செருப்போட வெளியில விட்டுட்டு வாங்க. என்ன செஞ்சீங்க, என்ன வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. சாம்பிள் பொட்டலத்தின் மேல் ஒரு நம்பர்தான் இருக்கும். அது சுரங்கத்தின் எந்த முனையில் வெட்டியது, யார் கொண்டுவந்தது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், அந்த முனைக்கு வழக்கமாக வரும் எண் மனதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தராசைப் பார்க்கும் கண் அதன் பக்கமாகச் சாயும். "சாம்பிள்கிட்ட ஊர் கேக்கக் கூடாது" என்பார். குடுவையை உடைத்தவனை மன்னிப்பார். "மேடம், இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டவனை மன்னிக்க மாட்டார். இதில் அவர் செய்தது சரிதான். எங்கள் லேப் கொடுத்த எண்ணை மைன்ஸில் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

அந்தச் சட்டத்தை நாங்கள் ஒரு சனிக்கிழமை, லேபுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளின் மேல் பிரயோகித்தோம். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாக விலகவில்லை. மலருக்கு வேறு நல்ல அனுபவம் எதையாவது எழுதலாம் என்று யோசித்தேன். இதைத் தவிர எதுவும் எழுத வரமாட்டேன் என்கிறது.

தனலட்சுமி எங்கள் லேபில் கான்ட்ராக்டில் சாம்பிள் இடிப்பவர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய கணவர் ஆறுமுகம் மைன்ஸில் வேலை பார்த்து, மாரடைப்பில் இறந்துபோனவர். ஒரே மகள் கவிதா. அவளை மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை குவைத்தில் இருந்தார். கவிதா மாமனார் மாமியாரோடு இருந்தாள். இருக்க வேண்டியவள், ஒரு மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தனலட்சுமி இடுப்பிலிருந்து ஒரு சின்னக் காகித மடிப்பை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், நீங்க கல்லப் பத்திலாம் பொஸ்தகம் படிச்சிருக்கேன்னு சொல்லுவீங்களே. இத கொஞ்சம் பாருங்க."

டீ நேரத்தில் நான் ரத்தினங்களைப் பற்றிப் பேசுவதுண்டு. யாரும் கேட்கவில்லை என்றே நம்பியிருந்தேன். மடிப்பைப் பிரித்தால், தங்கத்தில் ஒரு டாலர். அதன் கூடு நெளிந்திருந்தது. அதிலிருந்து கழன்ற கல் பக்கத்தில் கிடந்தது. புளியங்கொட்டை அளவில், நல்ல கறுப்பு, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு.

"கூடு ஏன் இப்படி நெளிஞ்சிருக்கு?"

"சம்மந்தியம்மா வீசி எறிஞ்சிட்டாங்க சார்."

மிச்சத்தையும் சொன்னார். அந்த டாலர் ஆறுமுகம் மகளுக்கென்று பண்ருட்டி ஆசாரியிடம் கொடுத்துக் கட்டிவைத்தது. என்ன கல் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கல்யாணத்தில் கவிதா அதைப் போட்டுக்கொண்டு போனாள். நாலாவது மாதம் மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஜோசியர் மருமகள் கழுத்தைப் பார்த்தார். அது கறுத்துப்போன நீலக்கல் என்றார், அதுவும் பொருந்தாத நீலம், சனியை அழைத்துவந்து நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டது என்றார். நீலக்கல்லை யாரும் எடுத்த எடுப்பில் போட்டுக்கொள்வதில்லை. தலையணைக்கு அடியில் சில நாள் வைத்து, கெட்ட கனவு வராமல் இருந்தால்தான் உடம்பில் ஏற்றுவார்கள். "தலகாணிக்கு அடியில வெச்சுப் பாக்காம எங்க தலையில கட்டி அனுப்பிட்டாங்க" என்று சம்பந்தியம்மா அதை அறுத்து எறிந்திருக்கிறார்.

"இன்னிக்கு சாயங்காலம் திரும்ப ஜோசியர் வர்றாராம் சார். அதுக்குள்ள என்னா கல்லுன்னு தெரிஞ்சிக்கினு வந்து சொல்லணுமாம். இல்லன்னா பொண்ணோட பெட்டிய குடுத்து அனுப்பிடுவாங்களாம். நீலம்னா அவ அந்த வூட்டு வாசல மிதிக்க முடியாது. கண்ணாடின்னா, டூப்பு நகைய போட்டு ஏமாத்தினவன்னு செத்துப் போனவருக்குப் பேரு வந்துரும். எது வந்தாலும் எனக்கு ஆவாதுதான். அதுக்குன்னு தெரியாமலே இருந்துற முடியுதா?"

நான் கல்லை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கினேன். நிபுணர்கள் அப்படித்தான் செய்வார்கள். "கவலைப்படாதீங்க. பார்த்தாலே தெரியுது. நீலமில்ல, ஓனிக்ஸ்ங்கிற கறுப்புக் கல்லு."

"எப்படித் தெரியுது?" என்று பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

திலகவதி மேடம் நின்றிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கணமே மறந்துபோயிற்று.

லேபில் சொந்த வேலைக்கு ஒரு தீக்குச்சிகூட உரச விடாதவர் அவர். தனலட்சுமியை ஒரு நிமிடம் பார்த்தார். "சாப்பாட்டு நேரம் என்னோடதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு காகிதத் துண்டில் நம்பர் எழுதிக் கல்லின் பக்கத்தில் வைத்தார். "இது எங்க வாங்கினது, யார் குடுத்ததுன்னு இனிமே யாரும் பேசக் கூடாது. ஜோசியர் கதையை ஏற்கெனவே சொல்லியாச்சு. அதுவே அதிகம்."

தராசு அறைச் சாவி எடுக்க வராந்தா வழியாகப் போனோம். வெளி பெஞ்சில் கவிதா உட்கார்ந்திருந்தாள். கூடை மாதிரி ஒரு கைப்பை மடியில். எங்களைக் கண்டதும் எழுந்தாள்.

"நீதான் கவிதாவா?" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம். மேடம், அந்தக் கல்லு வந்து..."

"வேணாம்மா. நீ ஒண்ணும் சொல்லாத. சொன்னா எங்க கண்ணு கெட்டுப் போயிடும். உக்காரு."

அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெருந்தன்மையாக அவளிடம் அன்றைய பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதலில் வெளிச்சம். நல்ல நீலம் எவ்வளவு கறுத்துப் போயிருந்தாலும் ஓரத்தில் விளக்கை வைத்தால் நீலம் கசியும். மேடம் ஜன்னலை மூடச் சொல்லி, டார்ச்சைக் கல்லின் விளிம்பில் ஒட்டிவைத்துச் சுற்றினார். எதுவும் கசியவில்லை. சுவரில் பட்டது போல வெளிச்சம் அங்கேயே நின்றுவிட்டது.

"நீலம் இல்ல" என்றார்.

தனலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டார். எந்தத் திசையைப் பார்த்து என்று தெரியவில்லை. அவசரத்தில் சாம்பிள் எரிக்கும் சூளை இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து மேடம் கல்லைத் தன் கன்னத்தில் வைத்தார். "கல்லுன்னா குளிரணும். இது குளிரல."

"ரூம் சூடு மேடம்" என்றேன். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் என்னிடம் கொடுத்தார். நானும் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அதற்கு மேல் ரூமைப் பற்றி நான் பேசவில்லை.

பிறகு அடர்த்தி. கல்லை அப்படியே ஒருமுறை நிறுக்க வேண்டும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொருமுறை நிறுக்க வேண்டும். இரண்டு எடையிலிருந்து, அது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்று கணக்குப் போடலாம். கண்ணாடி என்றால் இரண்டரை மடங்கு. நீலம் என்றால் நாலு. நான் கணக்குப் போட்டேன். ஒன்று புள்ளி மூன்று வந்தது.

"தப்பு" என்றார் மேடம்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தக் கனத்தில் உலகத்தில் ரத்தினமே கிடையாது. நான் படித்திருந்த புத்தகத்தில், நான் படித்திருந்த பக்கம் வரை, கிடையாது. நூல் தண்ணீரை உறிஞ்சியிருக்கும் என்று தலைமுடியில் கட்டினோம். முடி மேடத்துடையது, என்னிடம் அந்த வசதி இல்லை. காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும் என்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினோம். தராசின் மட்டத்தைச் சரிபார்த்தோம். மேடம் தானே உட்கார்ந்து நிறுத்தார். ஒன்று புள்ளி மூன்று. தராசு எங்கள் இருவரையும் பார்த்து அலுத்துப்போய்ச் சொல்வது போல இருந்தது.

"தப்பு நம்மகிட்ட இல்ல. அப்ப இது கல்லே இல்ல" என்றார் மேடம் மெதுவாக.

"பிளாஸ்டிக்கா இருக்கும்" என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. தனலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரர எவனோ ஏமாத்திட்டானா சார்? பிளாஸ்டிக்குக்கா அந்த மனுசன் தங்கத்துல கூடு கட்டினாரு? இத எப்பிடி சார் நா அங்க போய் சொல்லுவேன்?"

மேடம் ஊசி ஒன்றை இடுக்கியில் பிடித்து பர்னரில் காட்டினார். "தனலட்சுமி, பின்பக்கம் ஒரு சின்னப் புள்ளி விழும். கூட்டுக்குள்ள போயிட்டா தெரியாது. வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டுதான் வைத்தார். பிளாஸ்டிக் என்றால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வரும். அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஊசி பட்டது. நூல் மாதிரி புகை எழுந்தது. நானும் மேடமும் குனிந்து முகர்ந்தோம்.

நனைந்த விறகை ஊதி ஊதி எரித்தது போன்ற வாசனை. அதில் கொஞ்சம் தார், கொஞ்சம் கந்தகம். என் சட்டையில், டிபன் டப்பாவில், கல்யாண ஆல்பத்தில்கூட இருக்கிற வாசனை. என் மனைவி இதை "உங்க வாசனை" என்பாள்.

எனக்கு முதலில் தோன்றியது, பக்கத்துச் சூளையைத் திறந்துவிட்டார்களோ என்பதுதான். அன்று சூளை அணைந்துகிடந்தது. மேடம் ஊசி நுனியால் அந்தப் புள்ளியை லேசாகச் சுரண்டினார். கறுப்புக் கல்லிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்தது. வேறு எதை மறந்தாலும் அந்தப் பழுப்பை எங்களால் மறக்க முடியாது.

"மேடம், இது..." என்றேன்.

"என்ன வந்துச்சு?" என்று பழக்க தோஷத்தில் கேட்டார்.

கரி. லிக்னைட், எங்கள் பழுப்பு நிலக்கரி. வாசலில் மலை மலையாகக் குவிந்து கிடப்பது, நான் சர்வீஸ் முழுக்க எரித்தது, தனலட்சுமி தினமும் உலக்கை போட்டு இடிப்பது. ஒன்று புள்ளி மூன்று அதன் அடர்த்தி. அந்த எண்ணை நான் அந்த வாரமே பலமுறை என் கையால் எழுதியிருந்தேன். அதைத்தான் முடியைப் பிடுங்கி, தண்ணீரைக் கொதிக்க வைத்து, தப்பு தப்பு என்று மூன்றுமுறை தள்ளிவிட்டிருக்கிறேன்.

"நம்ம கரி ரொம்ப ஈரம். காஞ்சா பாளம் பாளமா வெடிச்சுடும்" என்றார் மேடம், தனக்குத்தானே பேசுவது போல. "மரம் இறுகின துண்டு எப்பவாவது ஒண்ணு கிடைக்கும். அதைக் கூட மாசக்கணக்கா, மெதுவா, ஈரத்துலயே வெச்சு ஆற விட்டாத்தான் இப்படி மெருகு ஏறும். யாருக்கு இவ்வளவு பொறுமை?"

தரையிலிருந்து தனலட்சுமி சொன்னார். "ஒரு பானையில மணலப் போட்டு எதையோ பொதச்சு வெச்சிருந்தாரு மேடம். நா இஞ்சி நட்டு வெச்சிருக்காருன்னு நெனச்சிக்கினு தெனம் தண்ணி தெளிச்சேன். மொளைக்கவே இல்ல."

மேடம் கல்லை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கவிதா பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்தாள்.

"கவிதா, மனசைத் திடப்படுத்திக்கோம்மா" என்று மேடம் ஆரம்பித்தார். "இது நீலம் இல்ல. கல்லே இல்ல. இது வந்து..."

"லிக்னைட்டு" என்றாள் கவிதா. "தெரியும் மேடம். அப்பா என் முன்னாலதான் தேய்ப்பாரு. பழைய பேண்ட் துணியில, தேங்காண்ண போட்டு."

திலகவதி மேடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அடிப்பாவி" என்றார் தனலட்சுமி. "ஒரு மாசமா வாயத் தொறக்கலயேடி."

"தொறந்து? கரியத் தங்கத்துல கட்டிப் போட்டு அனுப்பினாரு எங்கப்பான்னு சொல்லச் சொல்றியா? ஊரே சிரிக்கும். சனியக் கொண்டாந்தவன்னு என்னச் சொன்னா நா தாங்கிக்குவேன். அப்பாவ ஒருத்தன் சிரிச்சா தாங்க மாட்டேன்." எங்கள் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் மேடம் காலையில எழுந்தேன். நீங்க பேசக் கூடாதுன்னுட்டீங்க. சரின்னு உக்காந்தேன். உக்காந்தப்புறம் எனக்கும் ஒரு ஆசை வந்திருச்சு. அப்பா தேய்க்கிறப்ப சொல்லுவாரு. 'இத லேப்ல குடுத்தாக்கூட கண்டுபிடிக்க மாட்டாங்க பாரு, அவங்களுக்கு இது தூளாத்தான் தெரியும்'னு. நெசமான்னு பாக்கலாம்னு இருந்துட்டேன்."

ஆறுமுகம் சொன்னது சரிதான். எங்களிடம் வரும்போதே அது தூள்தான்.

சாயங்காலம் மேடத்தின் காரில் நாலு பேரும் மேல்பட்டாம்பாக்கம் போனோம். வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். மேல்நாட்டில் இதே மாதிரிக் கரியை ரத்தினமாகப் போட்டுக்கொள்கிறார்களாம், ராணிகள்கூட. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது, அதற்குள் படித்துவிட்டிருந்தேன். ராணியோடு நிறுத்திக்கொண்டு, கரி என்கிற சொல்லை விட்டுவிடலாமே என்றேன்.

"ராணி எதுக்கு சார்? நானே சொல்லிக்கிறேன்" என்றாள் கவிதா.

சம்பந்தியம்மா பச்சையம்மா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கட்டிலில் மாமனார் படுத்திருந்தார், மைன்ஸில் ரிட்டையர் ஆனவர். பக்கத்தில் நாற்காலியில் ஜோசியர். வாசலில் பெட்டி தயாராக இருந்தது.

"என்னா கல்லுன்னு தெரிஞ்சிதா?" என்றார் பச்சையம்மா.

மேடம் வாயெடுக்கும் முன் கவிதா சொன்னாள். "கரி, அத்தை. எங்கப்பா மைன்ஸ்லருந்து எடுத்தாந்து, அவர் கையால தேய்ச்சு செஞ்சது."

நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். என் நகத்தை நானே கிள்ளிக்கொண்டிருந்தேன். பச்சையம்மா மேடத்தின் கையிலிருந்த கல்லை வாங்கினார், திருப்பிப் பார்த்தார், ஊசி பட்ட இடத்தை முகர்ந்தார். பிறகு அதைக் கொண்டுபோய்க் கட்டிலில் இருந்தவர் மூக்கருகில் காட்டினார். அவருடைய நல்ல கை அதை வாங்கி, தன் லுங்கியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துத் திரும்பக் கொடுத்தது.

"கரியும் கறுப்புதானேம்மா" என்றார் ஜோசியர், விட்டுக்கொடுக்காமல். "கறுப்பு எல்லாமே சனியோட ஆதிக்கம்."

"செத்த சும்மா இருங்க சாமி" என்றார் பச்சையம்மா. "இவரு சர்வீசு பூரா இந்தப் புழுதியத்தான் சட்டையில தூக்கிக்கினு வந்தாரு. நாந்தான் தொவச்சேன். இது சனின்னா, கொல்லையில தொவைக்கிற கல்லு மேலயே இத்தினி வருசம் குந்திக்கினு இருந்திருக்கணும். அப்பலாம் வராத வாதம் இப்பதான் வந்துச்சா?" பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏண்டி, இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா கேடு?"

"நீங்க என்னைக் கேக்கலையே அத்தை. ஜோசியரத்தான் கேட்டீங்க."

பச்சையம்மா கல்லோடு வாசல்படிக்குத் திரும்பி வந்தார். "சரி, உள்ள வா. மாமாவுக்குக் கஞ்சி ஆறுது."

கவிதா நகரவில்லை. "எறிஞ்சது நீங்க. நீங்களே என் கையில குடுங்க."

பிறகு பச்சையம்மா படியிறங்கி வந்து, கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். பெட்டியைத் தன் கையாலேயே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும்போது தனலட்சுமி முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கிக்கொண்டார். மேடத்திடம் நான் தைரியமாகக் கேட்டேன். "மேடம், இனிமே சாம்பிள்கிட்ட ஊர் கேக்கலாமா?"

கார் டவுன்ஷிப் ஆர்ச்சுக்குள் நுழைந்தது.

"சாம்பிள்கிட்ட வேணாம்" என்றார் மேடம். "பெஞ்சுல யாராவது உக்காந்திருந்தா, அவங்கள கேளுங்க."

புது இயந்திரத்துக்கு இடம் போதவில்லை என்று வராந்தா பெஞ்சை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மலருக்குக் கட்டுரை கேட்ட பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.